யார் யாரை அதட்டலாம்?

நர்சிங் மூன்றாம் வருடத்தில் எங்களுக்குக் கம்யூனிட்டி போஸ்டிங் வந்தது. ஆளுக்கு ஒரு குடும்பத்தை ஒதுக்கிவிடுவார்கள். ஆறு வாரம் அந்த வீட்டுக்குப் போய்வந்து, உடல்நலம், உறவு, வருமானம், சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை என்று எல்லாவற்றையும் எழுதி ஒரு நோட்டு கொடுக்க வேண்டும். எனக்குக் கிடைத்த வீடு கே.வி.குப்பத்துக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தெருவில் இருந்தது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்று பெரியவர்களாகி எங்கேயோ வேலை செய்துகொண்டிருப்பார்கள். அவர்கள் கதையை அவர்களைக் கேட்காமல் அடையாளத்தோடு சொல்வது சரியில்லை. சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

இருபது வருடத்துக்கும் மேலாகிவிட்டது. இப்போது நானே மாணவிகளைக் கூட்டிக்கொண்டு ஹோம் விசிட் போகிறேன். ஒவ்வொரு பேட்சிலும் ஒரு பெண்ணாவது அந்தக் கேள்வியோடு வந்து நிற்பாள்: "மேடம், இந்தக் குடும்பத்த எந்த டைப்ல எழுதறது?" அவளுக்குச் சொல்ல வேண்டியதை முழுசாக ஒருமுறை எழுதிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

அந்த வீட்டில் ஏழு பேர். வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர், வாரத்தில் நாலு நாள் வெளியில். முதல் மனைவி இறந்து மூன்று வருடம். அவளுக்குப் பிறந்த பையனுக்குப் பன்னிரண்டு வயது, பெண்ணுக்கு ஒன்பது. அடுத்து வந்தவள் பேரணாம்பட்டுப் பக்கத்துப் பெண், கணவனை இழந்தவள், வரும்போது மூன்று வயசுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் போனபோது அவனுக்கு ஐந்து. இந்தக் கல்யாணத்தில் பிறந்த கைக்குழந்தைக்கு ஒன்பது மாதம், தவழ ஆரம்பித்திருந்தது. ஏழாவது ஆள் ஆயா, வீட்டுக்காரரின் அம்மா, சுகர்காரர். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் வடாற்காட்டுப் பக்கம் ஆயா என்றால் பாட்டி.

எங்கள் படிவத்தில் குடும்ப வகை என்று ஒரு வரி உண்டு. தனிக்குடும்பம், கூட்டுக்குடும்பம், மூன்று தலைமுறைக் குடும்பம் என்று மூன்று கட்டம். நான் மூன்றாவதில் டிக் போட்டேன். தப்பில்லை, ஆயா இருக்கிறாரே. ஆனால் அந்த ஒரு டிக்கில் அந்த வீட்டின் முக்கியமான விஷயம் காணாமல் போய்விட்டது.

வெளிநாட்டுப் பாடநூல்களில் இப்படிப்பட்ட வீட்டுக்கு 'பிளெண்டட் ஃபேமிலி' என்று பெயர். தமிழில் கலப்புக் குடும்பம் என்று எழுதினால் நம் ஆட்கள் கலப்புத் திருமணம் என்று புரிந்துகொண்டு எந்தச் சாதிக்கும் எந்தச் சாதிக்கும் என்று கேட்பார்கள். ஊரில் புழங்குகிற சொற்கள் வேறு. ரெண்டாந்தாரம், மூத்த தாரத்துப் பசங்க, அறுத்துக் கட்டினவ, கூட வந்த புள்ள. இவற்றில் ஒவ்வொன்றும் வீட்டிலுள்ள யாரையோ ஒருவரைத் தனியாகச் சுட்டுகிறது. எல்லோரையும் சேர்த்து அந்த வீட்டைச் சொல்ல ஒரு சொல் கிடையாது. மாணவிகளிடம் மறுமணக் குடும்பம் என்று எழுதச் சொல்கிறேன்.

அந்தப் படிவத்தில் உறவுக்கு ஒரு பக்கம், வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு பக்கம். உறவுப் பக்கத்தில் ஜெனோகிராம் என்கிற குடும்ப உறவுப் படம் வரைய வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு உள்ளே பெருக்கல் குறி, ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு. ரொம்ப நெருக்கம் என்றால் மூன்று கோடு, சண்டை என்றால் வளைந்து நெளிந்த கோடு, விலகல் என்றால் விட்டுவிட்ட கோடு. வெளியுலகத் தொடர்புகளுக்கு ஈகோமேப் என்று இன்னொரு படம். ஆன் ஹார்ட்மன் என்கிற சமூகப்பணிப் பேராசிரியர் 1975இல் வகுத்தது. நான் இரண்டையும் ஸ்கேல் வைத்து அழகாக வரைந்தேன். முதல் மனைவியின் வட்டத்துக்குள் பெருக்கல் போட்டுப் புள்ளிக்கோட்டுக்கு வெளியே தள்ளினேன். இறந்தவர் வீட்டில் இல்லையே.

அது தப்பு என்று எனக்குச் சொன்னவள் அந்த இரண்டாவது மனைவிதான். பிள்ளைகள் அவளைச் சின்னம்மா என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் இனி அப்படியே எழுதுகிறேன். சுவரில் மாலை போட்ட போட்டோ இருந்தது. அதன் கீழே அகல் விளக்கு, பக்கத்தில் மடித்து வைத்த ஒரு புடவை. "யாருங்க விளக்கேத்தறது?" என்று கேட்டேன். "நான்தான். அக்கா பூவாடக்காரியாச்சே" என்றாள். சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நல்ல காரியத்துக்கு முன்னால் புடவை வைத்து, பூப்போட்டுப் படைப்பார்கள். வீட்டுக்குப் புதிதாக வந்த பெண்தான் அதை முன்னால் நின்று செய்கிறாள். தான் பார்த்தேயிராத ஒருத்தியை அக்கா என்று கூப்பிட்டு, அவள் பிள்ளைகளுக்குச் சோறு போட அவளிடமே அனுமதி கேட்கிற மாதிரி தினமும் விளக்கேற்றுகிறாள். அன்று இரவு விடுதியில் ஜெனோகிராமை அழித்துவிட்டு, அந்தப் பெருக்கல் போட்ட வட்டத்தைப் புள்ளிக்கோட்டுக்கு உள்ளே கொண்டுவந்தேன். அந்தப் படத்தில் நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அப்புறம் ஃபேமிலி அப்கார். கேப்ரியல் ஸ்மில்க்ஸ்டீன் என்ற மருத்துவர் 1978இல் வெளியிட்ட சின்ன அளவுகோல். ஐந்தே கேள்வி. கஷ்டம் வந்தால் குடும்பத்தில் உதவி கிடைக்கிறதா, உங்களோடு கலந்து பேசுகிறார்களா, நீங்கள் புதிதாக ஒன்று செய்ய நினைத்தால் ஏற்றுக்கொள்கிறார்களா, அன்பு காட்டுகிறார்களா, சேர்ந்திருக்கும் நேரம் திருப்தியாக இருக்கிறதா. அநேகமாக எப்போதும் என்றால் 2, சில சமயம் என்றால் 1, அநேகமாகக் கிடையாது என்றால் 0. ஏழோ அதற்கு மேலோ வந்தால் நன்றாக இயங்குகிற குடும்பம் என்று கணக்கு.

சின்னம்மா ஐந்துக்கும் "எப்பவும்" என்றாள். பத்துக்குப் பத்து. எனக்கு ஒரே சந்தோஷம். மாமியார் திண்ணையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதை நான் யோசிக்கவில்லை. இரண்டாவதாக வாழ வந்த பெண், வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அந்நியப் பெண்ணிடம், மாமியார் காதுபட, வேறு என்ன சொல்வாள்? பெரிய பையனிடமும் கேட்டுப் பார்த்தேன். "உங்க குடும்பத்துல..." என்று ஆரம்பித்ததுமே அவன் நிறுத்தினான். "எந்த வூட்ல?" அவனைப் பெற்ற அம்மாவின் தாய்வீடு அடுத்த தெரு. பள்ளி விட்டதும் பையன் அங்கேதான் போவான், ராத்திரிச் சாப்பாட்டுக்கு இங்கே வருவான். அந்தக் கேள்வியை நான் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தைக்குப் புரியவில்லை என்று எழுதினேன்.

பாதுகாப்புப் பக்கத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார்கள், இன்றும் நான் அதை விடவில்லை. பையைத் திறப்பதற்கு முன் செய்தித்தாளை விரித்து அதன்மேல் பையை வைத்து, அந்த வீட்டுத் தண்ணீரில் கை கழுவ வேண்டும். தொற்று பரவாமலிருக்க என்றுதான் பாடம். ஆனால் கை கழுவத் தண்ணீர் கேட்டால் வீடு தானாகத் திறக்கும். தண்ணீர் எங்கே வைத்திருக்கிறார்கள், மூடியிருக்கிறதா, யாரை எடுத்துவரச் சொல்கிறார்கள் எல்லாம் தெரிந்துவிடும். அந்த வீட்டில் தண்ணீர் வாசலில் தரையோடு கட்டிய தொட்டியில் இருந்தது. பாலாற்றில் மணல்தான் இருக்கும், குழாயில் எப்போதாவதுதான் வரும். வரும்போது பிடித்து வைத்துக்கொள்ள ஆள் உயரத்துக்கு ஆழமான தொட்டி. தகர மூடி துருப்பிடித்துப் பாதி உடைந்திருந்தது. தவழுகிற குழந்தை இருக்கிற வீடு. ஒரு பக்கெட்டில் அரையடித் தண்ணீர் நின்றாலே கைக்குழந்தைக்கு ஆபத்து, இது தொட்டி.

சின்னம்மா பீடி சுற்றுவாள். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும், பக்கத்தில் கத்தரிக்கோல். ஆயிரம் பீடி சுற்றினால்தான் அன்றைய கூலி. அதனால் குழந்தை தவழ்ந்து வந்து முறத்தில் கை வைத்தாலும் எழுந்திருக்க மாட்டாள், காலாலேயே லேசாகத் தள்ளிவிடுவாள். பீடித்தூள் என்பது புகையிலை. குழந்தை கையில் ஒட்டி வாய்க்குப் போனால் நிக்கோடின் உள்ளே போகும், வாந்தி வரும், அதற்கு மேலும் ஆகலாம். இதை எழுதினேன். தூளி கட்டிய கயிறு நைந்திருந்ததை எழுதினேன். மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை, மண்ணெண்ணெய் குளிர்பான பாட்டிலில் இருக்கிறது, எலிக்கு வைத்த பேஸ்ட் அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது என்றும் எழுதினேன். அந்தப் பேஸ்ட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், எவ்வளவு முறை சொன்னாலும் போதாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் உள்ளே போனால் முதல் ஒன்றிரண்டு நாள் ஒன்றுமே ஆகாத மாதிரி இருக்கும், வீட்டுக்காரர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். அதன் பிறகு கல்லீரல் போகும். அதற்கென்று முறிவு மருந்து கிடையாது. கொஞ்சம்தான் சாப்பிட்டேன் என்று சொன்னாலும், நன்றாக நடமாடினாலும், உடனே ஆஸ்பத்திரி.

மருந்துகள் குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றனவா? ஆயாவின் சுகர் மாத்திரை டப்பா சுவர் மாடத்தில் என் தலைக்கு மேலே இருந்தது. "ஆம்" என்று டிக் போட்டேன்.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை. சித்திரை மாத மதியம். சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் காலத்தில் வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் வழியில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி மருந்து கொடுத்தார்கள் என்று வகுப்பில் கேட்டிருக்கிறோம். அந்த மரங்கள் எங்கே போயின என்று யோசித்துக்கொண்டே நடந்துபோனது நன்றாக நினைவிருக்கிறது. வீட்டுக்குள் ஐந்து வயசுப் பையன் தரையில் படுத்திருந்தான். "வெயிலுக்குத் தூங்கறான் நர்சம்மா" என்றாள் சின்னம்மா, முறத்திலிருந்து தலையைத் தூக்காமல். குனிந்து தொட்டுப் பார்த்தேன். உடம்பு சில்லென்று இருந்தது, நெற்றி முழுக்க வியர்வை. அந்த வெயிலில் சில்லென்ற வியர்வை. தட்டி எழுப்பினேன். கண்ணைத் திறந்தான், யாரென்று தெரியாமல் பார்த்தான், மறுபடி மூடிக்கொண்டான்.

நான் என் டீச்சரைக் கூப்பிட ஓடத் திரும்பினபோது கதவோரம் நின்றிருந்த ஒன்பது வயசுப் பெண் சொன்னாள்: "அவன் ஆயா மாத்திர துன்னுட்டான்."

"எப்போ கண்ணு?"

"காலைல. மூணு."

பக்கத்துத் தெருவிலிருந்து டீச்சர் வந்தார். சின்னம்மா சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை மயக்கமாக இருக்கும்போது வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும் என்று டீச்சர் தடுத்தார். விழித்துக்கொண்டு விழுங்குகிற நிலையில் இருந்தால் மட்டுமே இனிப்பு கொடுக்கலாம். அப்போது 108 கிடையாது, தமிழ்நாட்டுக்கு அது வந்தது 2008இல். எங்கள் ஜீப்பிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ஊசியில் குளுக்கோஸ் ஏற்றினதும் கொஞ்ச நேரத்தில் பையன் கண்ணைத் திறந்து அம்மாவைக் கேட்டான். அப்புறமும் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அந்த வகைச் சுகர் மாத்திரை, கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவை, உடலில் இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை சர்க்கரை ஏறினாலும் மறுபடி இறங்கும். சின்னப் பிள்ளைக்கு ஒரே மாத்திரை கூட ஆபத்து.

பையன் பிழைத்தான். எனக்குத்தான் இரண்டு இரவு தூக்கமில்லை. டப்பா மாடத்தில்தானே இருந்தது என்று டீச்சரிடம் சொன்னேன். அவர் என்னை அந்த வீட்டுக்கே திரும்பக் கூட்டிப்போய் ஆயாவின் தலையணையைத் தூக்கிக் காட்டினார். அன்றன்றைய மாத்திரையை எடுத்துக் காகிதத்தில் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வது ஆயாவின் வழக்கம். மாடத்தில் இருந்த டப்பா நான் வரும்போது காட்டுவதற்கு. இது ஒன்று.

இன்னொன்று டீச்சர் கேட்ட கேள்வி. "அந்தப் பொண்ணு காலையிலேயே பார்த்திருக்கா. ஏன் சொல்லல?"

அதைத் தெரிந்துகொள்ள நான்கு நாள் ஆனது. திண்ணையில் அவளோடு உட்கார்ந்து தலைவாரிப் பின்னிக்கொண்டே பேசினேன். அவளுக்குத் தலைவாரி விட யாருமில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். சிக்கு விழுந்து பேன் மொய்த்துக் கிடந்தது. சின்னம்மா வார வந்தால் ஆயா பிடுங்கிக்கொள்வாராம், "நான் பாத்துக்கறேன் வுடு" என்று. ஆயாவுக்குக் கண் தெரியாது, நாளைக்கு என்று தள்ளிப்போட்டுவிடுவார். இரண்டு பேரும் பார்த்துக்கொள்வதாகச் சொல்ல, இரண்டு பேருமே பார்க்காத தலை.

அவள் சொன்னது இதுதான். நான் அந்த வீட்டுக்குப் போக ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பையன் கடையில் மிட்டாய் எடுத்துவிட்டான் என்று இவள் சின்னம்மாவிடம் சொன்னாள். சின்னம்மா தன் பிள்ளையை வெளுத்துவிட்டாள். அதைப் பார்த்த ஆயா, "உன் புள்ளய நீ அடிச்சிட்டு ஊர்ல எங்க புள்ளைங்க மேல பழி வரணுமா" என்று கத்த, இரவு லாரியிலிருந்து இறங்கின அப்பா எல்லாவற்றுக்கும் காரணம் இவள் கோள் சொன்னதுதான் என்று இவளை ஒரு அறை அறைந்தார். அன்றைக்கே அவள் முடிவு பண்ணிவிட்டாள். "அவங்க பையனப் பத்தி நான் எதுவும் சொல்ல மாட்டேன்." தம்பி என்று சொல்லவில்லை. அவங்க பையன்.

அந்த ஒன்பது வயசுப் பெண் மாத்திரையை விழுங்குவதைப் பார்த்தாள், பயந்தாள், வாயை மூடிக்கொண்டாள். அவள் பொல்லாதவள் இல்லை. அந்த வீட்டில் சொல்வதற்கு அவளுக்கு உரிமை இல்லை என்று மூன்று பெரியவர்கள் சேர்ந்து கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

அதே வீட்டில் இதன் மறுபக்கத்தையும் பார்த்தேன். பெரிய பையன் அந்த உடைந்த மூடியை நகர்த்திவிட்டு, தொட்டிக்குள் தலைகீழாகத் தொங்கித் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தான். சின்னம்மா வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கை பீடியைச் சுருட்டிக்கொண்டிருந்தது, கண் மட்டும் அவன்மேல். எனக்குப் பதறிவிட்டது. அவனைத் தூக்கி விட்டுவிட்டு, "பாத்துக்கினே இருக்கீங்களே, அதட்டக் கூடாதா?" என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "என் புள்ளயா இருந்தா காலை ஒடச்சிருப்பேன் நர்சம்மா. இவன நான் ஒரு சத்தம் போட்டா தெருவே வந்து நிக்கும். மாத்தாந்தாய்னு ஒரு பேரு வாங்கினா சாவற வரைக்கும் போவாது."

மாற்றாந்தாய்க் கொடுமை பற்றி நம் ஊரில் எவ்வளவு கதைகள். கொடுமை இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை, பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயருக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற சின்னம்மாக்களை அதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். பிள்ளை மொட்டைமாடி விளிம்பில் காற்றாடி விடுவான், பக்கத்தில் நிற்பவளுக்கு இறங்குடா என்று சொல்ல வாய் வராது. ஒரு பிள்ளை ஆபத்தின் பக்கம் போகும்போது முதலில் அவனைத் தடுப்பது பூட்டும் மூடியும் கைப்பிடியும் இல்லை, ஒரு பெரியவரின் சத்தம். அந்தச் சத்தம் போட யாருக்கு உரிமை என்று தீர்மானமாகாத வீட்டில் எத்தனை பூட்டு போட்டும் ஓட்டை இருக்கும். ஆகவே உறவுக்கு ஒரு பக்கம், பாதுகாப்புக்கு ஒரு பக்கம் என்று பிரித்து எழுதுவது மறுமணக் குடும்பத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. என் மாணவிகளிடம் நான் இரண்டையும் ஒரே தாளில்தான் எழுத வைக்கிறேன்.

எப்படி என்று கேட்டால், முதலில் வீட்டிலுள்ள ஒரு குழந்தையிடம், "கண்ணு, உங்க வீட்ட எனக்குச் சுத்திக் காட்டறியா?" என்று கேட்கச் சொல்வேன். குழந்தை காட்டுகிற வீடு வேறு, பெரியவர்கள் காட்டுகிற வீடு வேறு. "இது அவங்க பொட்டி, நான் தொடக் கூடாது" என்று அது சொல்லும் இடத்தில் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ராத்திரி யார் எங்கே படுக்கிறார்கள்? தலைவாரி விடுவது யார்? காய்ச்சல் வந்தால் முதலில் யாரிடம் சொல்லுவாய்? தப்பு பண்ணினால் யார் அடிப்பார்கள், யார் தடுப்பார்கள்? கூடவே, ஆபத்தான இடங்கள் ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த நேரத்தில் அங்கே யார் இருப்பார்கள், எந்தப் பிள்ளையை யார் தடுக்கலாம் என்று எழுத வேண்டும். "தொட்டி, மூடி உடைந்தது" என்பது பாதிக் குறிப்புதான். "தொட்டி, மூடி உடைந்தது, காலையில் சின்னம்மா மட்டும் வீட்டில், பெரியவனை அவர் அதட்டுவதில்லை" என்பது முழுக் குறிப்பு.

குடும்ப அட்டையையும் பார்க்கச் சொல்வேன். மறுமண வீட்டில் பிள்ளையின் பெயர் பெரும்பாலும் வேறு எங்கேயோ, செத்துப்போன அம்மாவின் தாய்வீட்டு அட்டையில் கிடக்கும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு அது இன்னொரு மாவட்டத்து அலுவலகமாகவே போயிருக்கலாம். அது வெறும் அரிசிக் கணக்கு இல்லை. பையனுக்கு ஆபரேஷன் என்றால் யார் கையெழுத்து போடுவது? 1956ஆம் வருட இந்து இளவர் பாதுகாவலர் சட்டத்தின் 6ஆம் பிரிவில், தந்தை, தாய் என்ற சொற்கள் மாற்றாந்தந்தையையும் மாற்றாந்தாயையும் குறிக்காது என்று விளக்கமே இருக்கிறது. அப்பா லாரியில் வடக்கே போயிருக்கிறார், வீட்டில் சின்னம்மா மட்டும் என்றால், ஐந்து வருடம் சோறு போட்டவள் கையெழுத்துக்கு மதிப்பில்லாமல் நிற்பாள். முன்கூட்டியே பேசி, அப்பா இல்லாதபோது எந்த நம்பருக்குக் கூப்பிடுவது, யார் வருவது என்று எழுதிச் சுவரில் ஒட்டிவைக்கச் சொல்கிறோம்.

அம்மாவின் இரண்டாவது கணவர் இருக்கிற வீடு என்றால் மாணவிகள் இன்னும் பதற்றமாகிவிடுகிறார்கள். வயசுக்கு வந்த பெண் இருந்தால் நானும் முதலில் பார்ப்பது குளியலறைத் தாழ்ப்பாளைத்தான். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போனோம். பதின்மூன்று வயசுப் பெண், புதிதாக வந்த ஒருவர். அந்தப் பெண் அவரை மாமா என்கிறாள். அவர் எங்களைப் பார்த்ததும் வெளியே போய்ப் புளியமரத்தடியில் நின்றுகொண்டார். என் மாணவி என் காதில், "மேடம், முகமே குடுக்க மாட்டேங்கறாரு" என்றாள், சந்தேகமாக. பெண்ணைத் தனியாக வைத்துப் பேசினோம். அப்படித் தனியாகப் பேசுவதை எந்த வீட்டிலும் விட்டுவிடக் கூடாது. ஓலைத் தட்டி வைத்த குளியலறைக்கு மரக்கதவும், உள்ளே கனமான புதுத் தாழ்ப்பாளும் இருந்தன. யார் போட்டது என்று கேட்டேன். "மாமாதான். வந்த மொத வாரமே போட்டாரு. வெளில ஒரு பல்பும் போட்டாரு." மரத்தடியில் நின்றவர் கூச்சத்தில் நின்றார். அந்தக் குறிப்பில் மாமாவுக்கும் பெண்ணுக்கும் நடுவே எத்தனை கோடு போடுவது என்று மாணவி கேட்டாள். அவளையே யோசிக்கச் சொன்னேன். எல்லா வீட்டிலும் இப்படி இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். தப்பு நடந்திருப்பது தெரியவந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012ஆம் வருட போக்சோ சட்டப்படி தகவல் சொல்லியே ஆக வேண்டும், குழந்தைகளுக்கான 1098 எண்ணை நாங்கள் அந்தப் பிள்ளைகளுக்கே மனப்பாடம் செய்யச் சொல்லித்தருகிறோம். ஆனால் கதவைத் தட்டுவதற்கு முன்பே முடிவு பண்ணிக்கொண்டு போகிற நர்சுக்கு ஒரு வீடும் உண்மை சொல்லாது.

இப்போது மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. 2021இல் ஆரம்பித்த திட்டம், நடக்க முடியாத எத்தனையோ ஆயாக்களுக்குப் பெரிய ஆறுதல். அதனாலேயே தலையணைகளைத் தூக்கிப் பார்க்கிற வேலை எங்களுக்கு அதிகமாகியிருக்கிறது.

சரி, அந்த வீட்டுக்கு வருகிறேன். பையன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, வீட்டுக்காரர் ஊரில் இருக்கும் நாளாகப் பார்த்து டீச்சர் எல்லோரையும் உட்கார வைத்தார். அடுத்த தெருவிலிருந்த முதல் மனைவியின் அம்மாவையும் கூப்பிட்டார். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது, சண்டை வருமே என்று பயந்தேன். டீச்சர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார். "தொட்டிக்குள்ள ஒரு புள்ள விழப் போவுது. பக்கத்துல இவங்க மட்டும்தான் இருக்காங்க. கத்தலாமா, கூடாதா?" ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. பெற்றவளின் அம்மாதான் முதலில் பேசினார். "கத்தட்டும்மா. அடிக்கட்டும். எம்பொண்ணு இருந்தா அடிக்க மாட்டாளா?" அவர் அழுதார். சின்னம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆயா ஒன்றும் சொல்லவில்லை, ஒப்புக்கொண்டதாகவும் காட்டவில்லை. ஆனால் மறுநாள் மாத்திரைகள் தகரப் பெட்டிக்குள் போய்ப் பூட்டு விழுந்தது. சாவி ஆயாவின் சுருக்குப் பையில். தொட்டிக்கு வீட்டுக்காரர் ஒரு கடப்பாக் கல்லைக் கொண்டுவந்து போட்டார். பீடி முறத்தை மட்டும் எங்களால் மாற்ற முடியவில்லை. குழந்தையைப் பகலில் தூளியில் போடுவதாகச் சொன்னாள், கயிறு புதிதாகக் கட்டினோம். கூலி ஆயிரம் பீடிக்கு என்று இருக்கும் வரை அவ்வளவுதான் முடியும்.

ஆறாவது வாரம் கடைசி விசிட். செய்தித்தாளை விரித்தேன். கை கழுவத் தண்ணீர் கேட்டேன், பெரிய பையன் சொம்பில் கொண்டுவந்தான். சோப்பு போட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் தெருவுக்கே கேட்டது.

"சின்னம்மா! தம்பி ஆயா பொட்டியத் தொடறான்!"

முறத்தைத் தள்ளிவிட்டுச் சின்னம்மா எழுந்து ஓடினாள். பையனுக்கு முதுகில் ஒன்று விழுந்தது. "பாத்துக்கினு நிக்கிறியே, கையப் புடிச்சி இழுக்கக் கூடாதாடி?" என்று பெண்ணுக்கும் ஒரு அதட்டல், தெருவுக்கே கேட்கிற மாதிரி. எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். திண்ணையில் ஆயா வெற்றிலையை மென்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். உள்ளே அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, தம்பியின் கையைப் பிடித்துப் பெட்டியை விட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் தலை வழவழவென்று எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தேன்.